தெரிந்ததை எழுந்து நின்று சொல்லுங்கள்



கடந்த மாதம் ஒரு கிராமத்தில், மாதர் சங்கப் பதிவேடுகளைக் கணனியில் ஏற்றுவது பற்றி ஒருநாள் செயலமர்வு நடத்தினோம். இருபது பேரளவில் வந்திருந்தார்கள். பின்வரிசையில் சுவரோடு சாய்ந்தபடி, மடியில் ஒரு சீ.ஆர். கொப்பியை வைத்துக்கொண்டு ஓர் அக்கா இருந்தார். அவர்தான் சங்கத்தின் பொருளாளர். காலை முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், எங்கட சங்கத்தில ஒரே பேரில மூண்டு பேர் இருக்கினம். கணனி அவையை எப்பிடிப் பிரிச்சு அறியும்?"

"நீங்கள் எப்படி அக்கா பிரிச்சு அறியிறீங்கள்?" என்று கேட்டேன். கொப்பியைத் திறந்து காட்டினார். ஒவ்வோர் அங்கத்தவரின் பெயருக்கும் முன்னால் சிவப்புப் பேனையால் ஓர் இலக்கம் இருந்தது. கடன் பக்கத்திலும் தவணைப் பக்கத்திலும் சேமிப்புப் பக்கத்திலும் அதே இலக்கம்.

"முந்தி ஒராள் கட்டின காசை அதே பேருள்ள மற்றவவின்ர கணக்கில எழுதிப்போட்டன். கட்டினவவைக் கட்டேல்லையெண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டுப்போட்டினம். அவ அழுதுகொண்டு எழும்பிப் போனவ. அதுக்குப் பிறகுதான் நம்பர் போடத் தொடங்கினனான்."

நான் வியந்துபோனேன். தகவல்களைக் கணனியில் ஒழுங்குபடுத்தும் கல்வியில் முதற் பாடமே இதுதான். "சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிசம் இதை எல்லாருக்கும் சொல்லுங்கோ அக்கா" என்றேன். அவர் பதறிவிட்டார்.

"ஐயோ மிஸ், எனக்கென்ன தெரியும்? நான் எட்டாம் வகுப்பு மட்டுந்தான் படிச்சனான். படிச்ச ஆக்கள் சொல்லட்டும்."

கடைசியில் நான்தான் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு பெண்ணின் கண்ணீரிலிருந்து இன்னொரு பெண் கண்டுபிடித்த வழி, என் வாயிலிருந்து வந்தபடியால் "மிஸ்ஸின் பாடம்" ஆகிவிட்டது. அந்தச் சங்கடம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால்தான் இம்மாதம் உங்களுக்கு ஒரு வித்தியாசமான கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர்களும் ஒரு காலத்தில் "எனக்கென்ன தெரியும்" என்று சொன்னவர்கள்தான்.

பதிவுகளைக் காப்பவர்கள்

வங்கியில் உங்கள் கணக்கு, வைத்தியசாலையில் உங்கள் பெயர், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவை இன்று கணனியில் தரவுத்தளமாகச் சேமிக்கப்படுகின்றன. தரவுத்தளம் என்பது ஒன்றோடொன்று தொடர்புடைய பல பதிவேடுகளின் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளரான எட்கர் கொட் என்பவர், தகவல்களை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக வைத்து, அவற்றைப் பொதுவான பெறுமதிகளால் தொடர்புபடுத்தலாம் என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். 1974 இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான ஒரு மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். என்று பெயர் பெற்றது. அட்டவணையில் ஒவ்வொருவரையும் பிரித்தறியும் இலக்கத்தை "முதன்மைச் சாவி" என்பார்கள். எங்கள் பொருளாளர் அக்காவின் சிவப்பு இலக்கம் அதுதான்.

இந்தத் தரவுத்தளங்களைப் பராமரிப்போர் தரவுத்தள நிர்வாகிகள் எனப்படுவர். பல அலுவலகங்களில் இந்த வேலைக்கு ஒருவர் மட்டுமே இருப்பார். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை. நடு இரவில் ஏதாவது பழுதானால் முதல் அழைப்பு அவருக்குத்தான் வரும். பக்கத்தில் கேட்டறிய ஆளில்லை. மென்பொருளோ சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். புதிதாகக் கற்க வேண்டுமானால் சில நாள் வகுப்புக்கே பெருந்தொகை கட்ட வேண்டும். சம்பளம் நல்லதாக இருந்தாலும் அறிவைப் பொறுத்தவரை அவர்கள் தனித்துப்போனவர்களாகவே இருந்தார்கள்.

எமது அலுவலகப் பதிவுகளைக் கணனியில் பேணும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். சமூகவியல் படித்த எனக்கு அட்டவணைகளும் சாவிகளும் புதிது. அப்போது எனக்குக் கைகொடுத்தவை, முகம் தெரியாத அந்த நிர்வாகிகள் தம் கூட்டங்களில் இலவசமாக ஆற்றிய உரைகளின் ஒளிப்பதிவுகள்தான்.

சனிக்கிழமை வகுப்புகள்

1999 இல் அமெரிக்காவில், மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற மென்பொருளைக் கொண்டு வேலை செய்வோருக்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை "பாஸ்" என்று அழைத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மாநாடு; பல ஆண்டுகள் அது சியாட்டில் நகரில் நடைபெற்றது. ஊர்கள்தோறும் மாதக் கூட்டம் நடத்தும் சிறிய பயனர் குழுக்களும் இருந்தன. எமது நாட்டிலும் கொழும்பில் இத்தகைய ஒரு பயனர் குழு இயங்கியிருக்கிறது.

ஆனால் பெரிய மாநாட்டுக்குப் போகக் கட்டணம், விமானச் செலவு, தங்குமிடம், விடுமுறை எல்லாம் வேண்டும். இது எத்தனை பேருக்கு முடியும்? இந்த நிலையில்தான் 2007 நவம்பரில் புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரில் அன்டி வொரன், ஸ்டீவ் ஜோன்ஸ், பிறையன் நைற் ஆகியோர் "எஸ்.கியூ.எல். சட்டர்டே", அதாவது எஸ்.கியூ.எல். சனிக்கிழமை என்ற ஒருநாள் பயிற்சியைத் தொடங்கினார்கள்.

அதன் ஒழுங்கு மிக எளிமையானது. வேலை நாளில் விடுமுறை கேட்கத் தேவையில்லாதபடி சனிக்கிழமையில் வைப்பது. அனுமதி இலவசம், மதிய உணவுக்கு மட்டும் சில இடங்களில் சிறு தொகை வாங்குவார்கள். மண்டபச் செலவை அனுசரணையாளர்கள் ஏற்பார்கள். பேச்சாளர்களுக்குச் சம்பளம் இல்லை. காலையிலிருந்து மாலைவரை பல அறைகளில் ஒரே நேரத்தில் வகுப்புகள் நடக்கும். பேசுபவர்களும் அதே வேலையைச் செய்பவர்கள்தான். "எனது தரவுத்தளம் ஒருநாள் இப்படிப் பழுதானது, நான் இப்படித் திருத்தினேன்" என்பதே பல உரைகளின் சாரம். ஒர்லாண்டோவில் தொடங்கிய இந்த ஏற்பாடு பின்னர் பல நாடுகளுக்குப் பரவி, பல நூறு சனிக்கிழமைகள் நடந்தேறின.

கதிரை அடுக்குவதில் தொடங்கி

இங்கே ஓர் ஆய்வு எனக்கு நினைவுக்கு வருகிறது. ஜீன் லேவ், எட்டியேன் வெங்கர் என்ற இருவர் 1991 இல் வெளியிட்ட நூலொன்றில், மக்கள் தொழிலை எவ்வாறு கற்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் மெக்சிக்கோவின் யுகாற்றான் பகுதி மருத்துவிச்சிகளும், மேற்கு ஆபிரிக்காவில் லைபீரியா நாட்டுத் தையற்காரர்களும் அடங்குவர். அந்தத் தையற்கடைகளில் புதிதாகச் சேர்ந்தவர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. முதலில் பொத்தான் தைப்பார், விளிம்பு மடித்துத் தைப்பார். பிறகுதான் உடுப்பைத் தைப்பதும், கடைசியாகத் துணியை வெட்டுவதும். பொத்தான் பிழைத்தால் திரும்பத் தைக்கலாம். வெட்டுப் பிழைத்தால் துணியே வீண். ஓரத்தில் நின்று சிறு வேலை செய்பவரும் அந்தக் கூட்டத்தின் உண்மையான அங்கத்தவர்தான். அங்கிருந்தே அவர் நடுவுக்கு வருகிறார் என்பது அவர்களின் கருத்து.

தையல் இயந்திரத்தில் இருந்து பழகிய நீங்கள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்தச் சனிக்கிழமைக் கூட்டங்களிலும் பேச்சாளர்கள் இப்படித்தான் உருவானார்கள். முதலில் ஒருவர் கேட்க வருவார். அடுத்த முறை கதிரை அடுக்கவும் பெயர்ப் பதிவு செய்யவும் உதவுவார். பிறகு ஊர்ப் பயனர் குழுவில் ஐந்து அல்லது பத்து நிமிடம் பேசுவார். அதன் பிறகு சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம். சிலர் காலப்போக்கில் பெரிய மாநாட்டு மேடைக்கும் போனார்கள். பேச்சு முடிந்ததும் கேட்டவர்கள் ஒரு படிவத்தில் தம் கருத்தை எழுதிக் கொடுப்பார்கள். பிழைகளைத் திருத்திக்கொண்டு அதே பேச்சை அடுத்த ஊரில் மீண்டும் பேசுவார்கள்.

மூன்று பயங்கள்

பேச அழைத்தால் பெரும்பாலும் மூன்று விடைகள்தான் வரும். அமெரிக்க நிர்வாகிகளிடமும் இவைதான் வந்தன. எமது சங்கங்களிலும் இவைதான் வருகின்றன.

முதலாவது, "நான் நிபுணர் இல்லையே". 2009 இல் எனக்குப் பதினேழு வயது. இடம்பெயர்ந்தோர் நலன்புரி நிலையமொன்றில் இருந்தோம். ஒரு பதிவில் அம்மாவின் பெயர் தாத்தாவின் முதலெழுத்தோடும், இன்னொன்றில் அப்பாவின் முதலெழுத்தோடும் இருந்தது. இருவர் என்று நினைத்து எங்கள் பதிவை நிறுத்திவைத்துவிட்டார்கள். மூன்று நாள் வரிசையில் நின்றோம். மூன்றாம் நாள் வரிசையில் நின்ற ஒரு மாமி உரத்துச் சொன்னார்: "பிள்ளையள், பேரைச் சொல்லி மினக்கெடாதேங்கோ. அடையாள அட்டை நம்பரை ரெண்டு பதிவிலயும் காட்டுங்கோ. அப்பத்தான் ஒரே ஆள் எண்டு திருத்துவினம். நான் நேற்றுத்தான் திருத்தினனான்." அன்று அந்த வரிசையில் எங்களைப் போல எத்தனையோ குடும்பங்களின் வேலை முடிந்தது. அந்த மாமி நிபுணர் இல்லை. நேற்றுத் திருத்தியவர், அவ்வளவுதான். நேற்றுக் கற்றவருக்குத்தான் எந்த இடத்தில் கால் இடறும் என்பது இன்னும் மறக்காமல் இருக்கும். நீண்ட காலம் தேர்ந்தவர்கள் அந்த இடத்தை மறந்துபோயிருப்பார்கள்.

இரண்டாவது, "இதை எனக்கு முன்னமே ஆரோ சொல்லியிருப்பினம்". சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில், இந்தப் பேச்சில், இந்தப் பெண்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே விடயத்தைப் பலர் பலவிதமாகச் சொன்னாலும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவர் சொல்வதுதான் விளங்கும்.

மூன்றாவது, "நடுங்கும், கேள்வி கேட்டால் விடை தெரியாது". நடுங்கத்தான் செய்யும். கையில் ஒரு பொருளை எடுத்துச் செல்லுங்கள். கணனித் துறையின் முன்னோடிகளில் ஒருவரான கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி (1906–1992) தம் உரைகளுக்கு 30 சென்ரிமீற்றர் அளவான கம்பித் துண்டுகளைக் கொண்டுபோவார். மின்சமிக்ஞை ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் செல்லக்கூடிய அதிகூடிய தூரம் இதுதான் என்று சொல்லிச் சபையில் கொடுப்பார். கண்ணுக்குத் தெரியாத நேரத்தை அவர்கள் கையில் பிடித்துப் பார்த்தார்கள். எங்கள் அக்காவின் சீ.ஆர். கொப்பியும் அப்படிப்பட்ட ஒரு பொருள்தான். விடை தெரியாத கேள்வி வந்தால் "எனக்குத் தெரியாது, கேட்டு வந்து சொல்லுறன்" என்று சொல்லலாம். அனுபவமுள்ள பேச்சாளர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

பெண்களுக்குரிய இடம்

அந்தத் துறையிலும் பெண்கள் குறைவு. மேடையில் இன்னும் குறைவு. திறமை இல்லாததால் அல்ல. தரவுத்தளம் ஒரு கேள்விக்கு மிகக் குறுகிய வழியில் விடை தேடும் முறையை 1979 இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் பற்றீசியா செலிங்கர் என்ற பெண்தான். ஆயினும் பேச அழைப்பு விடுத்தால் பெண்களின் விண்ணப்பங்கள் குறைவாகவே வந்தன.

எனவே வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, கைபிடித்து அழைத்துவர வேண்டும் என்பதைச் சிலர் உணர்ந்தார்கள். பாஸ் மாநாட்டில் தொழினுட்பத் துறைப் பெண்களுக்கென மதிய உணவோடு கூடிய கலந்துரையாடல் பல ஆண்டுகள் நடந்தது. ஜேர்மனியில் கூட்டம் நடத்திவந்த இருவர் 2020 இல் "நியூ ஸ்ரார்ஸ் ஒஃப் டேற்றா" என்ற நிகழ்வைத் தொடங்கினார்கள். முன்னர் மேடையேறாத ஆண், பெண் இருபாலாரும் இதில் பேசலாம். ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாகக் கொடுப்பார்கள். அவர் பேச்சைத் தயாரிக்க உதவுவார், ஒத்திகை பார்ப்பார். மேடையில் பேசுவது புதியவர்தான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் அக்காவிடம் "சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கோ" என்று ஒரு மணித்தியால அவகாசத்தில் கேட்டேன். ஒத்திகை இல்லை, துணை இல்லை. அவர் மறுத்ததும் நானே எழுந்துவிட்டேன். பிழை அவரில் மட்டும் இல்லை.

சங்கம் மூடப்பட்ட பின்

இனி இந்தக் கதையின் கசப்பான பகுதி. பாஸ் சங்கத்தின் வருமானம் பெரும்பாலும் அந்த ஒரேயொரு ஆண்டு மாநாட்டில் தங்கியிருந்தது. 2020 இல் கொவிட் தொற்றினால் மாநாட்டை மண்டபத்தில் நடத்த முடியாமல் இணையத்தில் நடத்தினார்கள். வருமானம் போதவில்லை. 2021 ஜனவரி 15 ஆம் திகதியுடன், 20 வருடங்களுக்கு மேல் இயங்கிய அந்தச் சங்கம் மூடப்பட்டது. அதற்குமுன் ஒளிப்பதிவுகளையும் பாடங்களையும் பிரதி எடுத்துக்கொள்ள அங்கத்தவர்கள் ஓடித்திரிந்தார்கள். பிறருடைய தகவல்களுக்குப் பிரதி எடுத்துக் காப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தங்கள் சங்கத்தின் பாடங்களையே கடைசி நேரத்தில் காப்பாற்றவேண்டி வந்தது.

ஆனால் எல்லாம் அழிந்துவிடவில்லை. ரெட்கேட் என்ற மென்பொருள் நிறுவனம் அதன் உடைமைகளை வாங்கி மாநாட்டை மீண்டும் நடத்தத் தொடங்கியது. எஸ்.கியூ.எல். சட்டர்டே இலாப நோக்கற்ற ஓர் அமைப்பின் கீழ்த் தொடர்ந்தது. பல ஊர்களில் பயனர் குழுக்கள் வேறு பெயர்களில் கூடின. காரணம் எளிது. தலைமையகம் மூடப்பட்டாலும், மண்டபம் ஒழுங்குசெய்யவும் பேசவும் பழகியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள்.

சகோதரிகளே, தொண்டு நிறுவனங்கள் வந்துபோனதை நாம் கண்டிருக்கிறோம். திட்டம் முடிந்ததும் வாகனம் போகும், பெயர்ப்பலகை மட்டும் நிற்கும், அதோடு சங்கமும் கலைந்துவிடும். சில சங்கங்கள் மட்டும் இன்றும் கூடுகின்றன. நான் பார்த்த அளவில் அவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் கடிதம் எழுதவும் ஒருவருக்கு அல்ல, நாலைந்து பேருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை

இலவசமாகப் பேசுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்தச் சனிக்கிழமைப் பேச்சாளர்களில் பலர் தமது பயணச் செலவைத் தாமே ஏற்றார்கள். வேலையும் வீடும் தவிர்ந்த கொஞ்ச நேரமும் இதற்கே போய், களைத்து விலகியவர்களும் உண்டு. தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி பெரிது. எனவே நிதியுள்ள நிறுவனம் ஒன்று உங்களை வளவாளராக அழைத்தால் பஸ் காசையும் அன்றைய கூலியையும் கேளுங்கள். கேட்பது பிழையல்ல. ஆனால் உங்கள் சங்கத்தில், உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் சொல்வது வேறு. அது நீங்கள் இன்னொருவரிடம் பெற்றதைத் திருப்பிக் கொடுப்பது. என்னை எடுத்துக்கொண்டால், அந்த வரிசை மாமிக்கு நான் இன்னும் கடனாளி.

அடுத்த கூட்டத்தில்

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வெளியாள் பேசக் கூடாது. அங்கத்தவர் ஒருவர், தான் அண்மையில் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லட்டும். பிறப்புச் சான்றிதழில் பிழை திருத்தியது, கோழிக்கு நோய் வந்தபோது செய்தது, வங்கியில் படிவம் நிரப்பியது, எதுவும் ஆகலாம். என்ன நடந்தது, என்ன செய்து பார்த்தீர்கள், எது சரிவந்தது என்ற மூன்றையும் சொன்னால் போதும். முதல்நாள் ஒரு சிநேகிதிக்குச் சொல்லிப் பாருங்கள். கணனி படிக்கும் மகள்மார் வீட்டில் இருந்தால், அவர்களையும் வகுப்பில் எழுந்து ஒருமுறை பேசச் சொல்லுங்கள்.

இம்மாதம் நான் மீண்டும் அந்தப் பொருளாளர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். இம்முறை முன்கூட்டியே இரண்டு தடவை இருந்து கதைத்தோம். முதல் தடவை அவர் எனக்கு மட்டும் சொன்னார். இரண்டாம் தடவை எனக்கும் அவரின் மகளுக்கும் சொன்னார். கூட்டத்தன்று எழுந்து நின்றபோது கொப்பி பிடித்த கை நடுங்கியது. பத்து நிமிடம் என்று சொன்னவர் ஏழு நிமிடத்தில் இருந்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பக்கத்துச் சங்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் தன் கொப்பியோடு வந்து, என்னைத் தாண்டிப் போய், அக்காவிடம் கேட்டார்:

"அக்கா, செத்துப்போன ஆளின்ர நம்பரைப் புதுசா வாற ஆளுக்குக் குடுக்கலாமோ?"

"குடுக்கக் கூடாது பிள்ளை" என்றார் அக்கா. "அவவின்ர கணக்கு அவவோடயே இருக்கட்டும்."

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.